ஊதக் கூடாத கேசட்

லாந்தர் மாமா கேசட் மூச்சுவிடத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில், பால்துரை அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடைப் பின்னறையில், நாங்கள் பிரியாணிப் பொட்டலங்களின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தபோது. யாரும் அலறவில்லை. வெயிலுமுத்து மட்டும் கையில் கண்ட்ரோலரோடு திரும்பி, "எவன்லே மாங்கா தின்னது?" என்று கேட்டான். அறையில் மாங்காய் இல்லை, தை மாதத்தில் எங்கள் ஊரில் எங்கேயும் மாங்காய் இல்லை, ஆனாலும் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்ட பச்சை மாங்காயின் வாசம் ஒரு சின்ன வெதுவெதுப்பான காற்றோடு சேர்ந்து, கேசட் செருகியிருந்த டிவி கேம் மெஷினின் பொந்திலிருந்து புறப்பட்டு, பிரியாணியைச் சட்டை செய்யாமல் கடந்து, என் வழுக்கையைத் தடவிவிட்டு, நேராகப் போய் வெயிலுமுத்துவின் மூக்கில் ஏறிக்கொண்டது. அவன் கண்ணை மூடித் திறந்தான். "இது நான்தாம்லே" என்றான். "ஏழாப்பு படிக்கும்போது நான் ஊதினது."

லாந்தர் மாமாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நாங்கள் டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில் இதே பின்னறைதான் 'ராக்கெட் டிவி கேம்ஸ்'. சுவரோரமாக டிவிகள், ஒவ்வொரு டிவிக்கும் ஒரு மரப்பெஞ்சு, பெஞ்சுக்குப் பின்னால் தன் முறைக்காகக் காத்துநின்றபடி விளையாடுகிறவனுக்கு ஓயாமல் புத்தி சொல்லும் ஒரு கூட்டம். பெட்டி நிறையக் கேசட் இருந்தும் எங்களுக்கு உயிர் ஒன்றின்மேல்தான். அதன் முதுகில் ஒட்டியிருந்த தாளில் ஜப்பான் எழுத்தோ சீன எழுத்தோ, படிக்கத் தெரிந்தவர் எட்டயபுரம்வரை தேடினாலும் கிடையாது, ஆகவே நாங்களே பெயர் வைத்தோம். முட்டைத் தலை, காக்கி டவுசர், கையில் ஒரு லாந்தர் விளக்கு, அவ்வளவுதான் மாமா. முதல் பாகத்தில் கிணற்றுக்குள் இறங்குவார், இரண்டாம் பாகத்தில் கப்பலின் அடிவயிற்றில் அலைவார், மூன்றாம் பாகத்தில் பனிமலைக் குகை, நான்காம் பாகத்தில் நிலாவைத் தொடும் ஒரு கோபுரத்தில் மாடி மாடியாக ஏறுவார். போகிற இடமெல்லாம் வௌவால்கள் வந்து விளக்கை ஊதி அணைக்கப் பார்க்கும், விளக்கு அணைந்தால் மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாலு பாகமும் அந்த ஒரே கேசட்டில் இருந்தன, கிணறானாலும் கப்பலானாலும் ஒவ்வொரு கட்டத்தையும் நாங்கள் மாடி என்றே சொல்வோம்.

கோபுரத்து உச்சியில் ஒரு பச்சைக் கதவு உண்டு. அதை நாங்கள் தூரத்தில் பார்த்திருக்கிறோம், திறந்து பார்த்தவர் யாருமில்லை, ஏனென்றால் அந்த மாடிக்குப் போய்ச் சேரும் நேரத்தில் ஒன்று காசு கொடுத்து எடுத்த ஒரு மணி நேரம் முடிந்துவிடும் அல்லது கரண்ட் போய்விடும். கதவுக்கு அந்தப் பக்கம் மாமாவின் பெண்டாட்டி காத்திருக்கிறாள் என்பது வெயிலுமுத்துவின் கட்சி. அங்கே திரும்பவும் முதல் கிணறுதான் என்பது ரிச்சர்டின் கட்சி. அவன் அப்போதே அப்படித்தான், இப்போது மஸ்கட்டில் கணக்குப் பார்க்கிறான். பையன்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக வந்து எங்கள் எல்லோரையும் தோற்கடித்த ஜோதிலதா, கதவைத் திறக்காமல் பேசுவது வெட்டிப் பேச்சு என்பாள். இன்று அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராகவும் அதையேதான் சொல்கிறாள். வளர்ந்து, இன்டர்நெட் வந்து, உலகத்துப் பழைய விளையாட்டையெல்லாம் தோண்டித் துருவி வைத்திருக்கிற ஆட்களிடம் விசாரித்தோம். எங்கள் மாமாவை யாருக்கும் தெரியவில்லை. யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து எங்கள் கடைக்காக மட்டும் செய்த மாதிரி இருந்தது, அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆகவே வருஷம் ஒருமுறை பொங்கல் லீவில் கூடி, கேசட் இல்லாமலே, அந்த மாடி இந்த வௌவால் என்று மணிக்கணக்கில் பேசிவிட்டுக் கலைவோம். எங்கள் வீட்டுக்காரர்களுக்கு இது பைத்தியம். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றும், ஆனால் அடுத்த வருஷமும் போய்விடுவோம்.

இனி ஊதுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் கோடு கோடாக வந்தால் கேசட்டைப் பிடுங்கி, அடியிலிருக்கும் பித்தளைப் பல்வரிசையில் வாயை வைத்து, மவுத் ஆர்கன் வாசிப்பதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊதித் திரும்பச் செருகினால் படம் பளிச்சென்று வரும் என்பது எங்கள் வேதம். அப்படி எச்சில் பட்டு ஈரம் பட்டுத்தான் அது கெட்டதே என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டோம், ஆனால் அண்ணாச்சிக்கு அது அப்போதே தெரியும். 'கேசட்டை வாயால் ஊதக் கூடாது. துருப் பிடிக்கும்' என்று சிவப்புப் பெயிண்டில் தன் கையாலேயே எழுதி நடுச்சுவரில் மாட்டியிருந்தார். நாங்கள் அந்த போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து ஊதினோம். அண்ணாச்சி டயர் செருப்பு போடுவார், வாசலில் அதைக் கழற்றிப் போடும் சத்தம்தான் எங்களுக்கு அபாயச் சங்கு. அது கேட்டதும் கேசட் பொந்துக்குள் போய்விடும், எல்லோரும் டிவியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அண்ணாச்சிக்கு ஒரே மகன், இசக்கிமுத்து, எங்கள் வகுப்புதான். ஊரே அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைக்குள் வந்தால் அவனுக்கும் அப்பா என்று வாயில் வராது, அண்ணாச்சி என்றே கூப்பிடுவான். எங்களைத் திட்டும்போதெல்லாம் அண்ணாச்சி அவனைத்தான் காட்டுவார். "எம் பையனப் பாருங்கல. ஒரு நாளாச்சும் கேசட்ல வாய் வச்சிருப்பானா? ஒரு வாட்டிதான் சொன்னேன், புள்ளன்னா அப்படி இருக்கணும்." இசக்கி தலையைக் குனிந்துகொண்டு, வாயில் கிடக்கும் சூட மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளுவான். நாங்கள் மேற்கூரையைப் பார்ப்போம். ஏனென்றால் எங்கள் கூட்டத்திலேயே பெரிய ஊதுகாரன் அவன்தான். நாங்கள் எல்லோரும் மாறி மாறி ஊதியும் மசியாத கேசட், சூட மிட்டாய் வாயோடு அவன் லேசாக ஒரு ஊது ஊதினால் எழுந்து உட்காரும், ஆகவே கடைசி வருஷம் முழுக்க வேறு யாரும் ஊதவே இல்லை, எல்லோருக்கும் அவனே ஊதினான். பச்சைக் கதவைப் பற்றி அவனிடமும் ஒரு யோசனை இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போய், மாமா தானாகவே விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுவார், அவருக்கும் அலுக்கும் இல்லையா என்பான்.

அந்த வருஷம் முழுப் பரீட்சைக்கு முன்னால் இசக்கிக்குக் காய்ச்சல் கண்டது. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார்கள். அவன் அங்கே வாரக்கணக்கில் கிடந்தபோது கடையைப் பார்த்துக்கொண்டவர் அண்ணாச்சியின் மச்சினன். அவருக்கு போர்டும் கிடையாது சட்டமும் கிடையாது, வந்த பயல்கள் எல்லோரும் ஆசை தீர ஊதினார்கள். பிறகு இசக்கி செத்துப்போனான் என்று தகவல் வந்தது, கடையை மூடினார்கள், அண்ணாச்சி கேசட்டையெல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டுப் பரணில் ஏற்றினார். டிவிகள் போய், பிற்பாடு முன்கடையில் ஜெராக்ஸ் மெஷின் வந்தது. போர்டை மட்டும் அவர் கழற்றவில்லை. "எம் பையன் சொன்ன பேச்சுக் கேட்டவன்" என்று சொல்வதையும் விடவில்லை, நாங்களும் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை.

இந்த வருஷம் பரணைத் துடைத்தபோது அந்தத் தகரத்தை இறக்கி எங்கள் கையில் கொடுத்தது செல்லக்கனி அக்கா, அண்ணாச்சியின் வீட்டுக்காரி. "சும்மா கெடக்குதுக்கு விளையாடுங்கய்யா" என்றார்கள். ஒரு பழைய மெஷினையும் வெயிலுமுத்து வீட்டுக் குண்டு டிவியையும் தேடிப் பிடித்துச் சேர்த்தோம், மாமா எழுந்து வந்தார், முதல் கிணற்றின் முதல் மாடியைத் தாண்டினார், அப்போதுதான் அந்த மாங்காய் வாசம் வந்தது.

ஜோதிலதா கண்ட்ரோலரைப் பிடுங்கி இரண்டாம் மாடியைத் தாண்டினாள். பொந்திலிருந்து கொய்யாவும் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் தூளும் கலந்த ஒரு காற்று வந்தது. அது எங்கள் ஒவ்வொருவர் மூக்கருகிலும் வந்து நின்று, முகவரி சரியில்லை என்பதுபோல் விலகி, ஜன்னல் கம்பிக்குள் புகுந்து வெளியே போய்விட்டது. மறுநாள் காலையில் மஸ்கட்டிலிருந்து ரிச்சர்டு போன் செய்தான். அவன் எதற்கும் எளிதில் குரல் மாறுகிற ஆள் இல்லை. "ஏல, ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், எங்கிருந்தோ கொய்யா வாசம் வந்து மூக்குக்குள்ள போச்சுல. அதுலேருந்து நாளைக்கு ஸ்கூல் லீவுங்கிற மாதிரியே இருக்கு, வேலையே ஓடல" என்றான். அப்படித்தான் விஷயம் எங்களுக்குப் பிடிபட்டது: கேசட்டில் ஊதிய மூச்செல்லாம் அதற்குள்ளேயே அடுக்கடுக்காக இருக்கிறது, கடைசியில் ஊதியது மேலே, முதலில் ஊதியது அடியில், மாமா ஒரு மாடி தாண்டினால் மேலேயிருக்கிற ஒரு மூச்சு எழுந்து, ஊதியவர் எங்கே இருந்தாலும் தேடிப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஊர் எதை எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படித்தான் இதையும் ஏற்றுக்கொண்டது, முதலில் வேடிக்கை, பிறகு வரிசை, அதற்குப் பிறகு புகார். ஞாயிறுதோறும் சந்து நிறைந்தது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியும், கறிக்கடைக்காரரும், வக்கீலும், மூன்று பிள்ளை பெற்ற தாய்மாரும், ஒரு காலத்தில் இந்த அறையில் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும், தங்கள் மூச்சு இன்றைக்கு வருமா என்று வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். வந்து சேர்ந்தவர்களுக்கு நோய் தீர்ந்தது, அதிர்ஷ்டம் அடித்தது என்றெல்லாம் ஒன்றுமில்லை. ரிச்சர்டு சொன்ன அதேதான், நாளைக்கு லீவு என்கிற நினைப்பு மட்டும் சில நாள் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கே கூட்டம் அடித்துக்கொண்டது. தாலுகா ஆபீசில் நாலு பேர் எழுந்து நிற்கும் பதவியிலுள்ள ஒருவரின் மூச்சு வந்த அன்று, கூட வந்திருந்த அவர் அம்மா, "இது நான் வச்ச கருவாட்டுக் கொழம்பு. அன்னைக்கு டியூசனுக்குல்லா போறேன்னு சொல்லிட்டுப் போன?" என்று எல்லோர் முன்னிலையிலும் அவர் காதைத் திருகினார். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு மூச்சுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், மூச்சு தம்பியிடம் போனது, அண்ணன் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார். இதெல்லாம் வெறும் ஈரப்பதம் என்று நிரூபிக்க ஒரு கருவியோடு வந்த அறிவியல் வாத்தியார், தன்னுடைய கடலை மிட்டாய் மூச்சு தன் மூக்கில் ஏறியதும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மெஷினை அணைத்தால் மாமா திரும்ப முதல் கிணற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஆகவே வாரம் முழுக்க அவரை நிறுத்திவைத்தோம். பாஸ் பட்டனை அழுத்தியதும் மாமா ஒரு காலைத் தூக்கியபடி நிற்பார், லாந்தர் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு என்பதால் இன்வெர்ட்டர் வைத்தோம், அது போதாதென்று எங்கள் பகுதி லைன்மேன், அவருடைய மூச்சும் உள்ளே இருந்ததால், சந்துக்கு மட்டும் மெயின்டனன்ஸ் கரண்ட் கட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் பின்னறையில் எட்டி, நிற்கிற மாமாவை ஒரு பார்வை பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போவார்கள்.

அண்ணாச்சி இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. முன்கடையில் மெஷினுக்குத் தாள் போட்டபடி இருப்பார். ஆனால் ஒவ்வொரு மூச்சு வரும்போதும் ஜெராக்ஸ் மெஷின் சத்தம் நின்றுவிடும், அதை நான் கவனித்திருந்தேன்.

கேள்வியை முதலில் கேட்டது எதிர்த்த டீக்கடை அந்தோணி. "அது சரி, உசுரோட இருக்கிறவன் மூச்சு அவன்கிட்ட போவுது. செத்தவன் மூச்சு வந்தா எங்க போகும்?" என்றான், டீயை ஆற்றிக்கொண்டே, பொதுவாக. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆகாயத்துக்கு என்றார்கள், சுடுகாட்டுக்கு என்றார்கள், இன்னொரு பிறவி எடுத்திருந்தால் அந்தக் குழந்தையிடம் போகும், நாம் பின்னாலேயே பைக்கில் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒருவர் திட்டமே போட்டார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்புதான், எனக்கும் அது இருந்தது, அது இருந்ததில் எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

மாசி பிறந்தபோது மாமா கோபுரத்தின் கடைசி மாடிக்குக் கீழ்மாடியைத் தாண்டினார். வந்த மூச்சில் எலுமிச்சைச் சாதத்தின் வாசம் அடித்தது, அது ஜோதிலதாவிடம் போனது. அவள் பட்டென்று பாஸ் பட்டனை அழுத்தினாள். திரையில் ஒரே ஒரு மாடி மிச்சம், அதற்கு மேல் பச்சைக் கதவு, இத்தனை வருஷத்தில் யாரும் அவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததில்லை. "ஏட்டி, என்ன நிறுத்திட்ட, போ" என்று வெயிலுமுத்து கத்தினான். அவள் திரும்பவில்லை. "இது இசக்கிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னைக்கு நான் ஊதினது" என்றாள். "அவன் வரல, படம் வரல, சரின்னு நானே ஊதினேன். அதுக்கு முன்னாடியெல்லாம் அவன்தான் ஊதினான். அடுத்தது அவனோடது."

மாடியில் இருந்த அண்ணாச்சி வீட்டுக்கு நாங்கள் மூன்று பேர் ஏறிப்போனோம். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், செல்லக்கனி அக்கா அடுப்படி வாசலில் நின்றார்கள். ஜோதிலதா சுற்றி வளைக்காமல் சொன்னாள், "அண்ணாச்சி, அடுத்தது இசக்கியோடதா இருக்கும். வெளிய வந்த மூச்சு திரும்ப வராது. எங்க போவும்னு எங்களுக்குத் தெரியாது. நீங்க சொன்னா விளையாடுதோம், வேண்டாம்னா தகரத்துல போட்டு மூடிருதோம்."

"இருக்காதும்மா" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி..."

"இருக்காதுன்னா இருக்காது. அவன் ஊத மாட்டான். நான் ஊதாதன்னு சொல்லியிருக்கேன்." அவர் வேட்டி மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். "ஊர்ல இருக்கிற அத்தன பயலுவளும் ஊதியிருக்கானுவ. கண்ட கண்ட பயலுவ மூச்செல்லாம் பத்திரமா இருக்கு. எம் புள்ள மட்டும் சொன்ன பேச்சக் கேட்டுட்டுப் போயிட்டான். கேக்காம இருந்திருக்கலாம்லா?"

ஊதினான் அண்ணாச்சி, எங்களையெல்லாம்விட அதிகமாக ஊதினான் என்று சொல்ல ஒரு நொடி போதும், ஆனால் சொன்ன பேச்சுக் கேட்ட பிள்ளை என்ற அந்த ஒன்றைத்தான் அவர் இத்தனை வருஷமும் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார், அதைப் பிடுங்கிவிட்டு, அங்கே ஒன்றும் வராமல் போனால் என்ன செய்வது? அக்காதான் பேசினார்கள். "வந்தாப் போயிருமேன்னு பயமா இருக்கு. வராட்டா அது அத விடப் பயமா இருக்கு. ஞாயித்துக்கிழம நாங்க ரெண்டு பேரும் வாறோம்யா, விளையாடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தில் நிற்க இடமில்லை. பைக் திட்டக்காரர் உதைத்துக் கிளப்பத் தயாராக வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். பின்னறைக்குள் நாங்களும், அண்ணாச்சியும், அக்காவும் மட்டும். அக்கா பெஞ்சில் டிவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். ஒன்றும் வராது, வீணாக எல்லோரும் வேலையைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்த அண்ணாச்சி, அப்படிச் சொல்லிக்கொண்டே போய் ஜன்னல் கதவு ஒவ்வொன்றையும் சாத்திக் கொக்கி போட்டார், முன்கடைக்குப் போகும் கதவையும் சாத்தினார், கீழ் இடுக்கில் ஒரு கோணியை மடித்துச் செருகினார். ஜோதிலதா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு விளையாடினாள்.

அந்த மாடியில் வௌவால்கள் வந்துகொண்டே இருந்தன, மாமா குனிந்தார், தாவினார், லாந்தரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார், விளக்கு ஒரு தடவை அணைவதுபோல் சுருங்கித் திரும்ப எழுந்தது, வெயிலுமுத்து பழைய பழக்கத்தில் "குனி, குனி, இப்பக் குதி" என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தான், அண்ணாச்சி முதுகை எங்களுக்குக் காட்டி போர்டைப் பார்த்தபடி நின்றார். மாமா கடைசிப் படியில் காலை வைத்தார். பச்சைக் கதவு திரை முழுக்க வந்து நின்றது.

சூட மிட்டாய் வாசம் வந்தது.

அது மற்ற மூச்சுகளைப்போல் நேராகப் போகவில்லை. முதலில் ஜோதிலதாவின் தோளில், பிறகு என் கழுத்தில், வெயிலுமுத்துவின் சட்டைப் பைக்குள், பெஞ்சுக்கு அடியில் என்று தேடியது. சுவர்க் காலண்டரின் தாள்களைப் புரட்டியது. சாத்தியிருந்த ஜன்னலில் போய் முட்டித் திரும்பியது. அக்காவின் காதோரத்து நரைமுடியை விலக்கி அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது, அக்கா அசையாமல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் அது அங்கேயும் தங்காமல் மெலிந்துகொண்டே அறையைச் சுற்றியது. வாசம் குறைகிறதென்று எங்களுக்குத் தெரிந்தது. அண்ணாச்சி திரும்பினார், முகம் கோணிக்கொண்டு போயிருந்தது, "இது வேற எவனோ..." என்று சொல்ல வாயைத் திறந்தார், மூச்சு அந்த வாய்க்குள் போய்விட்டது.

அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார்.

அவர் மூச்சை விடவில்லை. விட்டால் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்கும் தெரிந்திருந்தது. உதட்டை இறுக்கி, இரண்டு விரலால் மூக்கையும் பிடித்துக்கொண்டு, எழுபது வயது மனிதர் நடு அறையில் நின்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்து விரலில் இறங்கியது, முகம் சிவந்து, பிறகு கறுக்கத் தொடங்கியது. "அண்ணாச்சி, விட்டுருங்க" என்று நான் கத்தினேன். அவர் தலையை ஆட்டினார். மாட்டேன்.

அக்கா எழுந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த மெஷினிலிருந்து கேசட்டை ஒரே இழுப்பில் பிடுங்கினார்கள். பச்சைக் கதவும் மாமாவும் கோடு கோடாகக் கலைந்து நீலமாகிப் போனார்கள், எங்களில் ஒருவருக்கும் ஐயோ என்று சொல்லத் தோன்றவில்லை. பித்தளைப் பற்களை அண்ணாச்சியின் வாய்க்கு நேராகப் பிடித்து, "ஊதுங்க" என்றார்கள்.

அண்ணாச்சி கண் போர்டுக்குப் போய் வந்தது.

"அவனுக்கு சூட மிட்டாய் குடுத்து விட்டதே நான்தான். அதத் தின்னுட்டு ஊதினா படம் நல்லா வருதும்மான்னு சொல்லுவான். ஊதுங்க."

அண்ணாச்சி மூக்கிலிருந்து கையை எடுத்தார், கேசட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், வாழ்க்கையில் முதல் தடவையாக அதில் வாயை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, உள்ளே ஒரு சொட்டுக் காற்றும் மிச்சமில்லாமல் ஊதினார். ஊதி முடித்தும் வாயை எடுக்காமல் நின்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார், இளைத்தது, அழுகையும் சிரிப்புமாகக் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊதியிருக்கான்லா, பயபுள்ள" என்றார்.

செத்தவன் மூச்சு எங்கே போகும் என்பதில் டீக்கடையில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அப்பனிடம் போனது என்பார்கள் சிலர், கேசட்டுக்கே திரும்பிவிட்டது என்பார்கள் சிலர், பைக் திட்டக்காரர் ஜன்னலைச் சாத்தாமல் இருந்திருந்தால்தான் உண்மை தெரிந்திருக்கும் என்று இன்றுவரை குறைப்பட்டுக்கொள்கிறார். கேசட்டை நாங்கள் திரும்ப மெஷினில் போடவில்லை. போட்டால் மாமா முதல் கிணற்றின் முதல் மாடியைத் தாண்டும்போதே மேலேயிருப்பது வெளியே வந்துவிடும். ஆகவே கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்பது எங்களுக்கு இனித் தெரியப்போவதில்லை, எனக்கு இசக்கி சொன்னதே சரியென்று படுகிறது, ஜோதிலதா அதை வெட்டிப் பேச்சு என்பதை இப்போது விட்டுவிட்டாள். எங்களுடைய பழைய மூச்செல்லாம் இசக்கியின் மிச்ச மூச்சுகளுக்கும் அடியில் இன்னும் கிடக்கிறது, இருக்கட்டும்.

கேசட் இப்போது ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே அலமாரியில் இருக்கிறது. பின்னறையில் போர்டு அப்படியே தொங்குகிறது. சாயங்காலம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அண்ணாச்சி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, கேசட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய், போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து லேசாக ஒரு ஊது ஊதுவார். ஊதினால் துருப் பிடிக்கும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாங்கள் அந்த நேரத்துக்கு அங்கே போனால் உடனே உள்ளே நுழைவதில்லை. வாசலில் கொஞ்சம் நின்று, பிறகு உள்ளே கேட்கிற மாதிரி செருப்பைச் சத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, கேசட் அலமாரிக்குத் திரும்பிப் போவதற்கு நேரம் விட்டு, ஒன்றும் தெரியாதவர்கள்போல் உள்ளே போவோம்.